சிறிய மோட்டார் சைக்கிளுக்கு மாறுவது சிறுமையா?

சேலையூர்ப் பக்கத்தில் இருபது முப்பது வருஷம் புல்லட் ஓட்டிய ஒருவர் ஒரு நாள் அதை விற்றுவிட்டு நூறு சி.சி. வண்டி ஒன்றில் கேம்ப் ரோடு முனையில் வந்து நின்றால், பார்க்கிறவர்கள் கேட்கும் முதற்கேள்வி ஒன்றே. “என்ன ஐயா, கைக்கு நெருக்கடியா?” என்பார்கள். வாய்விட்டுக் கேட்காதவர்களும் மனத்துக்குள் அப்படித்தான் நினைத்துக்கொள்வார்கள். சிறிய வண்டி என்றால் சிறிய வருமானம், சிறிய வருமானம் என்றால் சிறிய மனிதன் என்று கணக்குப் போடும் வழக்கம் நம் ஜனங்களிடையே வேரூன்றிப் போயிருக்கிறது. ஜப்பானிலிருந்து வந்த சிறு மோட்டார் சைக்கிள்கள் முதன்முதலாக நம் தெருக்களில் ஓடத் தொடங்கிய 1980-களில் இந்தக் கேள்வியோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது. “நம் ஊர்த் திருவொற்றியூரில் செய்த வண்டி இருக்கும்போது அந்நியச் சரக்கு எதற்கு?” என்பது அது.

ஆக, சிறிய வண்டிக்கு மாறிய அனுபவஸ்தர் மீது இரண்டு குற்றச்சாட்டுகள் உண்டு. ஒன்று, அது சிறியது. இரண்டாவது, அது அந்நியமானது. இவ்விரண்டையும் நிதானமாக விசாரித்துப் பார்ப்பது நம் கடமையென்று கருதுகிறோம். ஒருவர் எந்த வண்டியில் ஏறுகிறார் என்பது அவருடைய சொந்த விஷயந்தான். ஆனால் ஒரு தேசம் எதைக் கௌரவமென்று எண்ணுகிறது, எதை இழிவென்று எண்ணுகிறது என்பது பொது விஷயம்.

புல்லட் பிறந்த ஊர் எது?

புல்லட் சுதேசிச் சரக்கு என்று சொல்லுகிறவர்கள் அதன் ஜாதகத்தைச் சற்றுப் புரட்டிப் பார்க்க வேண்டும். அது பிறந்தது இங்கிலாந்திலுள்ள ரெடிட்ச் என்னும் ஊரில். சென்னையில் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியார் 1949-ஆம் வருஷத்தில் அதை இறக்குமதி செய்து விற்கத் தொடங்கினார்கள். 1950-களின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்காக இந்திய ராணுவம் அதை விரும்பி வாங்கிற்று. 1955-இல் ரெடிட்ச் கம்பெனியாரின் கூட்டுறவோடு என்ஃபீல்டு இந்தியா என்னும் ஸ்தாபனம் ஏற்பட்டது. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் முதலில் சீமையிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு பாகங்களையே இங்கே செய்யக் கற்றார்கள். 1967-இல் ரெடிட்ச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1970-க்குப் பின் இங்கிலாந்தில் அந்த வண்டியைச் செய்வாரில்லை. 1977-இல் திருவொற்றியூரில் செய்த வண்டிகள் இங்கிலாந்துக்கே கப்பலேறின.

இதைப் படிக்கும்போது எந்தத் தமிழனுக்கும் பெருமிதம் உண்டாகும். உண்டாக வேண்டியதுதான். ஆயினும், அந்தப் பெருமிதத்துக்குக் காரணம் என்ன? அந்நிய யந்திரம் ஒன்றை வாங்கி, கற்று, சொந்தமாக்கிக்கொண்டோம் என்பதுதான் காரணம். 1949-இல் நம்மவர்கள் “அந்நியச் சரக்கு வேண்டாம்” என்று கதவைச் சாத்தியிருந்தால், இன்று “நம் ஊர் புல்லட்” என்று மார்தட்டுவதற்கு ஒன்றும் இருந்திராது.

சிறு யந்திரங்களின் வருகை

சுதந்திரத்துக்குப் பின் பல ஆண்டுகள் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும், லைசென்ஸ் கட்டுப்பாடும் சேர்ந்து வாகனத் தொழிலை இறுகப் பிடித்திருந்தன. ஸ்கூட்டர் வேண்டுமென்று பணம் கட்டியவர் வருஷக்கணக்கில் காத்திருந்தார். இந்த நிலைமையில், 1980-களின் முற்பகுதியில், நூறு சி.சி.க்கு மேற்படாத இரு சக்கர வண்டிகளை அந்நியக் கம்பெனிகளின் கூட்டுறவோடு செய்துகொள்ளலாம் என்று சர்க்கார் அனுமதித்தது.

அந்த வாசல் வழியாக நான்கு ஜப்பானியப் பெயர்கள் உள்ளே வந்தன. 1984-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். கூட்டத்தாரின் இந்த்-சுசுகி, 1985-இல் ஹரியானாவிலுள்ள தாருஹேராவிலிருந்து ஹீரோ ஹோண்டா சி.டி. 100, அதே வருஷத்தில் எஸ்கார்ட்ஸ் கம்பெனியின் யமஹா ஆர்.எக்ஸ். 100; அடுத்து பஜாஜ் கம்பெனியின் கவாசாகி கே.பி. 100. தொடக்கத்தில் இவற்றின் முக்கியமான பாகங்கள் பெரும்பாலும் பெட்டியில் அடைபட்டு ஜப்பானிலிருந்தே வந்தன. பெயருக்கு இந்திய வண்டி, உள்ளுக்கு ஜப்பான் வண்டி என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த 1984-ஆம் வருஷத்திலேதான் நம் தாம்பரம் சானடோரியத்தை ஒட்டி ஏற்றுமதி மண்டலமும் ஏற்பட்டது என்பதை நேயர்கள் நினைவிற்கொள்ளலாம். இறக்குமதிக்குப் பயந்திருந்த ஒரு தேசம், ஏற்றுமதி என்ற சொல்லை மெதுவாக உச்சரிக்கத் தொடங்கிய காலம் அது.

கால் மறக்க வேண்டிய பாடம்

புல்லட்டிலிருந்து இந்தச் சிறு வண்டிக்கு மாறியவர்களின் அனுபவம் கவனிக்கத் தக்கது. புதிதாக ஓட்டக் கற்ற பையனுக்கு இதில் ஒரு தொல்லையும் இல்லை. தொல்லையெல்லாம் அனுபவஸ்தருக்குத்தான்.

அக்காலத்துப் புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஜப்பானிய வண்டியில் இது நேர்மாறு. இருபது வருஷம் ஓட்டியவரின் கால் அவர் மூளையைக் கேட்டு வேலை செய்வதில்லை. எதிரே மாடு குறுக்கிட்டால் இடது கால் தானாகவே பிரேக்கைத் தேடி அமுக்கும். புது வண்டியில் அங்கே இருப்பது கியர். வண்டி நிற்பதற்குப் பதிலாக உறுமிக்கொண்டோ உலுக்கிக்கொண்டோ முன்னே போகும். இத்தனை வருஷ அனுபவமே அந்தக் கணத்தில் அவருக்குச் சத்துருவாகிறது.

இன்னொன்று உண்டு. புல்லட்டில் திராட்டிலை மூடினால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். ஓட்டுகிறவர் பாதி வேகத்தை அதைக் கொண்டே அடக்கிவிடுவார். இந்த்-சுசுகி, ஆர்.எக்ஸ். 100 போன்ற இரு ஸ்டிரோக் வண்டிகளில் அந்த இழுப்பு மிகவும் சொற்பம். திராட்டிலை விட்டாலும் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். பிரேக்கை முன்கூட்டியே பிடிக்கப் பழக வேண்டும். எடை வித்தியாசமும் அப்படியே. புல்லட் ஏறக்குறைய 165 கிலோ. இந்தச் சிறு வண்டிகள் நூறு கிலோவை ஒட்டியவை. ஜி.எஸ்.டி. ரோட்டில் பெரிய லாரி ஒன்று பக்கத்தில் கடந்து போகும்போது, புல்லட் அசையாது. சிறு வண்டி அந்தக் காற்றில் ஒரு பக்கமாகத் தள்ளப்படும். இதை எதிர்பார்க்காதவர் தடுமாறுவார்.

ஆனால் அனுபவம் முழுவதும் வீண் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மழைக்குப் பின் ரோட்டோர மணல் எங்கே வழுக்கும், நிற்கும் பஸ்ஸின் முன்னாலிருந்து எவன் குறுக்கே ஓடி வருவான், ஆட்டோக்காரர் எந்தப் பக்கம் திடீரென்று திரும்புவார் என்பதையெல்லாம் கண் அறியும். அந்தக் கண்ணின் அறிவு எந்த வண்டிக்கும் பொது. காலின் பழக்கம் மட்டுமே பழைய வண்டிக்குச் சொந்தம். கண் கற்றதை வைத்துக்கொண்டு, கால் கற்றதை மறக்கத் தெரிந்தவரே உண்மையான அனுபவஸ்தர். இதற்குப் பெரிய உபாயம் ஒன்றும் தேவையில்லை. விடியற்காலையில், ஜனநடமாட்டமில்லாத மைதானத்திலோ தெருவிலோ, கூச்சப்படாமல் சில நாட்கள் புதிதாகக் கற்பவனைப்போல் நிறுத்தி நிறுத்திப் பழக வேண்டும். கூச்சப்பட்டு நேரே நெடுஞ்சாலையில் ஏறுகிறவர்தாம் விழுகிறார்.

முதற்குற்றச்சாட்டு: சிறியது

சேலையூரில் வசிப்பவருக்கு வண்டியால் ஆகவேண்டிய காரியம் என்ன? தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போய் வண்டியை நிறுத்திவிட்டு மின்சார ரயிலில் ஏற வேண்டும். 1931 முதல் அந்த ரயில் தாம்பரத்தையும் கடற்கரையையும் இணைத்துக்கொண்டிருக்கிறது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும். ராஜகீழ்ப்பாக்கத்தில் மளிகை, மாடம்பாக்கத்தில் கோவில், வேளச்சேரி ரோட்டில் மேடவாக்கம் வரையில் ஒரு அலுவல். பொதுக்காரியம் பார்க்கிறவராயின் அகரம்தென், வேங்கைவாசல் என்று தெருத்தெருவாகச் சுற்ற வேண்டும். இவற்றில் எந்தக் காரியம் 346 சி.சி. எஞ்சினைக் கேட்கிறது? எதை 98 சி.சி. எஞ்சின் செய்ய மறுக்கிறது?

பெரிய வண்டியைக் கிளப்புவதே அக்காலத்தில் ஒரு சடங்கு. அம்மீட்டர் முள்ளைப் பார்த்து, டிகம்ப்ரஷன் லீவரை அழுத்தி, கிக்கரை உரிய இடத்தில் நிறுத்தி, உடம்பின் கனம் முழுவதையும் போட்டு உதைக்க வேண்டும். தவறினால் கிக்கர் திருப்பி உதைக்கும், கணுக்கால் வீங்கும். முப்பது வயதில் அது வீரம். அறுபது வயதில் அது விபத்து. இன்றைய பெரிய வண்டிகளில் பொத்தானை அமுக்கினால் எஞ்சின் கிளம்பிவிடும் என்பது உண்மை. ஆனால் அவற்றின் எடை குறைந்துவிடவில்லை. ஸ்டேஷன் வாசலில் நெருக்கி நிறுத்திய வண்டிகளுக்கு நடுவிலிருந்து கனமான வண்டியைப் பின்னோக்கி இழுத்து எடுப்பது, மூட்டுவலி கண்டவருக்கு ஒவ்வொரு நாளும் ஒரு சோதனை.

மழைக்காலத்தை நினைத்துப் பாருங்கள். 2015 டிசம்பர் பெருவெள்ளத்தின்போது தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஏரிகள் சூழ்ந்த இந்தப் பிரதேசத்தில் முழங்கால் தண்ணீரில் எஞ்சின் நின்றுபோன வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். அந்த வேளையில் ஒருவர் தனியாகத் தள்ளக்கூடிய வண்டியே வண்டி.

வரவுசெலவுக் கணக்கை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு குடும்பத்தலைவருக்கும் அது தெரியும். பெட்ரோல் குறைவாகக் குடிக்கும் வண்டி மாதாமாதம் மிச்சம் தருகிறது. அது ஒரு பிள்ளையின் புஸ்தகச் செலவாகலாம். கடன் வாங்கிப் பெரிய வண்டி ஏறி, தவணைக்குப் பயந்து தலைமறைவாக நடமாடுவதில் என்ன பெருமை இருக்கிறது? “விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும்” என்றார்கள் நம் பெரியோர். வீக்கத்தைக் கௌரவமென்று எண்ணுகிறவன் வைத்தியனிடம்தான் போய்ச் சேருவான்.

பெரிய வண்டியை விரும்பி ஓட்டுகிறவர்கள்மீது நமக்கு மனஸ்தாபம் ஒன்றுமில்லை. அதன் ஓசையிலும் நிதானத்திலும் ஓர் இன்பம் இருக்கிறது என்பதை மறுப்பவர் அதில் ஏறியறியாதவர். மலைநாட்டுப் பிரயாணத்துக்கும் நெடுவழிக்கும் அது உகந்தது. தேவைக்கு வாங்கட்டும், ஆசைக்கும் வாங்கட்டும். அயலான் என்ன நினைப்பான் என்ற பயத்துக்காக மட்டும் வாங்க வேண்டாம், வைத்திருக்கவும் வேண்டாம் என்பதே நம் கட்சி.

இரண்டாவது குற்றச்சாட்டு: அந்நியமானது

இந்தக் குற்றச்சாட்டே கனமானது. சுதேசியத்தில் நம்பிக்கையுள்ளவர்கள் இதை அலட்சியம் செய்ய முடியாது. ஆகையால் உலக சரித்திரத்திலிருந்து ஓர் உதாரணத்தை எடுத்துக் காட்ட விரும்புகிறோம்.

ஜெர்மனியின் ஸாக்ஸனி மாகாணத்தில் ட்சோபாவ் என்னும் ஊரில் டி.கே.டபிள்யூ. என்ற கம்பெனி சிறிய, மலிவான மோட்டார் சைக்கிள்களைச் செய்துவந்தது. ஹாலந்திலுள்ள ராட்டர்டாம் நகரத்து ஸ்டோக்விஸ் என்ற வியாபாரிகள் அதை இறக்குமதி செய்து விற்றார்கள். அந்த வியாபார ஸ்தாபனத்தின் டைரக்டர்களில் யூதர்கள் இருந்தார்கள் என்ற ஒரே காரணத்தால், நாஜி ஆட்சியின்போது, 1938-இல், அந்த விற்பனை உரிமை பறிக்கப்பட்டது. அவர்கள் மனமொடிந்து உட்கார்ந்துவிடவில்லை. அந்தச் சிறு வண்டியைப் போலவே ஒன்றைச் செய்து தரும்படி இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு கம்பெனியாரிடம் போனார்கள். ஆம், புல்லட்டைப் பெற்ற அதே கம்பெனிதான். அப்படிப் பிறந்த 125 சி.சி. வண்டி ஏறக்குறைய 60 கிலோ எடையே உள்ளது. இரண்டாவது உலக யுத்தத்தில் பாராசூட்டில் இறக்கப்படும் சிப்பாய்களுக்காக அதை இரும்புக் கூண்டில் வைத்து ஆகாயத்திலிருந்து இறக்கினார்கள். “பறக்கும் தெள்ளுப்பூச்சி” என்று அதற்குப் பெயர் வழங்கிற்று.

கதை இதோடு நிற்கவில்லை. அதே டி.கே.டபிள்யூ. கம்பெனி 1939-இல் ஆர்.டி. 125 என்றொரு சிறு வண்டியை அமைத்தது. யுத்தத்தில் ஜெர்மனி தோற்றபின் அதன் வரைபடங்கள் வெற்றி பெற்ற தேசங்களின் கைக்குப் போயின. ரஷ்யா மாஸ்கோவில் அதைப் பார்த்து ஒரு வண்டி செய்தது. இங்கிலாந்தில் பி.எஸ்.ஏ. கம்பெனி 1948-இல் ‘பாண்டம்’ என்று அதையே வெளியிட்டது. ராட்சத வண்டிகளுக்குப் பெயர்போன அமெரிக்க ஹார்லி-டேவிட்ஸன் கம்பெனியும் அதையே பார்த்துச் சிறு வண்டி ஒன்றைச் செய்தது. ஜப்பானில் யமஹா கம்பெனி 1955-இல் செய்த தன் முதல் மோட்டார் சைக்கிளும் இதே வம்சத்தைச் சேர்ந்ததுதான்.

ரஷ்யர், ஆங்கிலேயர், அமெரிக்கர், ஜப்பானியர் ஆகிய நால்வரும் தேசாபிமானத்தில் குறைந்தவர்களா? அந்நிய தேசத்துச் சிறு யந்திரம் ஒன்றைப் பார்த்துக் கற்பதில் அவர்கள் ஒருவரும் வெட்கப்படவில்லை. பெற்றுக்கொண்ட பிறகு அதிலேயே தங்கியும் விடவில்லை. யமஹா தன் முதல் வண்டியை ஜெர்மானிய வண்டியைப் பார்த்துச் செய்தது. முப்பது வருஷத்தில் தன் வண்டியை நமக்கு அனுப்பியது.

நாம் கற்றோமா?

இந்த அளவுகோலை இப்போது நம் மீதே வைத்துப் பார்ப்போம். ஓசூரில் 1984-இல் ஜப்பானியப் பாகங்களைப் பூட்டத் தொடங்கியவர்கள் 2001-இல் சுசுகியின் உறவை முடித்துக்கொண்டார்கள். கைப்பிடி விட்டதும் விழுந்துவிடுவார்கள் என்று ஆரூடம் சொன்னவர்கள் உண்டு. அதே வருஷத்தில் அவர்கள் தாமே அமைத்த நான்கு ஸ்டிரோக் எஞ்சினுடன் ‘விக்டர்’ என்ற வண்டியை வெளியிட்டார்கள். 2020-இல் இங்கிலாந்தின் பழம்பெருமை வாய்ந்த நார்ட்டன் கம்பெனியை விலைக்கு வாங்கினார்கள். ஒரு காலத்தில் நாம் இறக்குமதி செய்த சிறு வண்டி, நம்மவர் கையில் வளர்ந்து, இன்று யாழ்ப்பாணத்துத் தமிழனுக்கும் ஆப்பிரிக்க நாட்டு வாடகை வண்டிக்காரனுக்கும் “இறக்குமதியான சிறு வண்டி”யாகப் போய்ச் சேருகிறது. சக்கரம் ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டது.

மறுபக்கமும் உண்டு, அதை மறைப்பது நியாயமாகாது. திருவொற்றியூர்க்காரர்களும் 1980-களில் ஜெர்மனியின் ட்சூண்டாப் கம்பெனியின் அமைப்பைத் தழுவி 50 சி.சி. சிறு வண்டிகளைச் செய்தார்கள். அவை சந்தையில் நிலைக்கவில்லை. புல்லட்டோ, கற்ற பாடத்தை மாற்றாமல் ஒப்பிக்கும் மாணவனைப்போல் வெகு காலம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. 1994-இல் அந்தக் கம்பெனி ஐஷர் கூட்டத்தாரின் கைக்கு மாறிற்று. அதன் பிறகே யந்திரத்திலும் தயாரிப்பிலும் படிப்படியாகச் சீர்திருத்தம் ஏற்பட்டு, ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் புதிய தொழிற்சாலைகள் எழும்பின. ஒரே மாகாணம், ஒரே காலம், ஒரே மாதிரியான அந்நியக் கூட்டுறவு; பலன் மட்டும் வெவ்வேறு. அந்நியச் சரக்கு ஒருவரை வாழவும் வைக்கவில்லை, கெடுக்கவும் இல்லை. வாங்கியவர் அதைப் பிரித்துப் பார்த்துக் கற்றாரா, பூட்டி விற்றதோடு திருப்தியடைந்தாரா என்பதே பலனை நிர்ணயித்தது.

இன்றைய பரீக்ஷை

இதைப் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. மின்சார வண்டிகளின் உருவத்தில் அதே கேள்வி இன்று நம் வாசலில் வந்து நிற்கிறது. ஓசூரிலும் கிருஷ்ணகிரி ஜில்லாவின் போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர்கள் பெருவாரியாகச் செய்யப்படுகின்றன. அவற்றின் உயிரான லித்தியம் மின்கலங்களில் பெரும்பகுதி இன்றளவும் வெளிநாட்டிலிருந்தே வருகிறது. 1984-இல் ஜப்பானியப் பெட்டியைத் திறந்தோம். இன்று திறப்பது பெரும்பாலும் சீனப் பெட்டி. 2024 நவம்பரில் ராயல் என்ஃபீல்டு கம்பெனியார் தம் முதல் மின்சார மோட்டார் சைக்கிளை மிலான் நகரத்தில் காட்டியபோது அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? அந்தப் பழைய ‘பறக்கும் தெள்ளுப்பூச்சி’யின் பெயரையே வைத்தார்கள். பெரிய வண்டியால் பேர் பெற்றவர்கள், புதுத் தொழிலில் அடியெடுத்து வைக்கும்போது, தங்கள் மிகச் சிறிய வண்டியை நினைத்துக்கொண்டது நல்ல சகுனமென்றே நமக்குத் தோன்றுகிறது.

சர்க்காரிடமும் முதலாளிகளிடமும் நாம் கேட்க வேண்டியது ஒன்றே: “பெட்டி எங்கிருந்து வருகிறது என்பது இருக்கட்டும். அதற்குள்ளிருப்பதை நம் பிள்ளைகள் எந்த வருஷத்தில் தாமே செய்யப் போகிறார்கள்?” இந்தக் கேள்விக்குத் தேதியோடு பதில் சொல்லாத இறக்குமதியை எதிர்ப்போம். பதில் சொல்லும் இறக்குமதியைக் கண்டு பயப்பட மாட்டோம்.

புல்லட்டை விட்டுச் சிறு வண்டியில் ஏறிய சேலையூர்க்காரர் மீது குற்றமில்லை. தம் தேவையை அளந்தார். தம் வயதை மதித்தார். பழைய பழக்கத்தை மறந்து புதியதைக் கற்றுக்கொண்டார். நம் தேசத்துத் தொழிலதிபர்களும் அதிகாரிகளும் செய்யவேண்டியது இம்மூன்றுமே. அடுத்த முறை கேம்ப் ரோடு முனையில் அவரைப் பார்க்கிறவர்கள், “கைக்கு நெருக்கடியா?” என்று கேட்பதை விட்டு, “கால் பழகிவிட்டதா?” என்று கேட்பார்களாக.